டெர்ரி கிப்ஸ், 1963: யூத மெட்டுகள் ஜாஸில் எங்கே உடைகின்றன, இந்த ஆல்பத்தில் ஏன் உடையவில்லை

கிரகபேதம் எழுதியது:

'டெர்ரி கிப்ஸ் ப்ளேஸ் ஜூயிஷ் மெலடீஸ் இன் ஜாஸ்டைம்' ஆல்பத்துக்கு என்று ஒரு தனி இழை தேவைப்படுகிறது. பொது இழையில் யூத வாசனை அடிக்கும் ஜாஸ் எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொட்டிவிடுகிறோம். இந்த ஆல்பம் செய்த வேலை வேறு.

முதலில் விவரம். 1963 ஜனவரியில் நியூயார்க்கில் பதிவானது. மெர்குரி நிறுவனம் வெளியிட்டது. வைப்ரஃபோன் (உலோகக் கட்டைகளைக் குச்சியால் அடித்து வாசிப்பது) டெர்ரி கிப்ஸ். இயற்பெயர் ஜூலியஸ் குபென்கோ, 1924இல் புரூக்ளினில் பிறந்தவர். அப்பா யூதக் கல்யாணங்களுக்கு வாசிக்கும் குழு நடத்தியவர். ஜாஸ் பக்கம் பியானோ ஆலிஸ் மெக்லியாட், பாஸ் ஹெர்மன் ரைட், டிரம்ஸ் பாபி பைக். கிளெஸ்மர் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கல்யாண, நடன இசை) பக்கம் கிளாரினெட் ரே மியூசிகர், டிராம்போன் சாம் குட்சர், பியானோ ஆலன் லோகன், டிரம்ஸ் சால் கேஜ்.

பெயர்களை இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே ஆல்பத்தில் இரண்டு பியானோ, இரண்டு டிரம்ஸ். ஜாஸ்காரரைக் கல்யாண வாசிப்பு வாசிக்கச் சொல்லவில்லை, கல்யாண வாசிப்புக்காரரை ஸ்விங் பண்ணச் சொல்லவில்லை. மெட்டை அதன் ஆட்கள் அதன் நடையிலேயே வாசிப்பார்கள். பிறகு ஜாஸ் குழு அதை வாங்கிக்கொள்ளும். இரண்டு பக்கமும் உட்கார முடிந்த ஒரே ஆள் கிப்ஸ்தான்.

கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால்தான் இது நிற்கிறது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் எந்த இடத்தில் கலந்திருக்கலாம் என்று ஸ்வரத்தோடு காட்டுங்கள்.

---

நடைபாஸ் எழுதியது:

கட்சி சரி, காரணம் பாதிதான் வந்திருக்கிறது. ஆட்களைப் பிரித்தாலும் சோலோ வாசிக்கும்போது ஹார்மனி ஒன்று வேண்டுமே. அந்த மெட்டுகளுக்கு ஜாஸ் கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கொத்து) போட்டால் பெரும்பாலும் மெட்டே செத்துவிடும். அதை முதலில் பேசுவோம்.

---

கிரகபேதம் எழுதியது:

பேசுவோம். கர்நாடகக் காது உள்ளவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம்.

கிளெஸ்மரில் அதிகம் புழங்கும் இரண்டு மோடுகள் (ராகம் போன்ற ஸ்வர அமைப்புகள்): ஃபிரேகிஷ், மி ஷெபேராக். ஃபிரேகிஷுக்கு ஜெபக் கூடத்தில் அஹவா ரபா என்று பெயர். காலைப் பிரார்த்தனையில் அந்தச் சொற்களோடு தொடங்கும் ஒரு பகுதியிலிருந்து வந்தது. மி ஷெபேராக் என்பதும் ஒரு ஆசீர்வாதப் பிரார்த்தனையின் தொடக்கச் சொற்கள்.

ஸ்வரத்தை மட்டும் பார்த்தால் ஃபிரேகிஷ் 14ஆவது மேளம் வகுளாபரணம்: ஸ ரி1 க3 ம1 ப த1 நி2. மி ஷெபேராக் 58ஆவது ஹேமவதி: ஸ ரி2 க2 ம2 ப த2 நி2.

இனிதான் விஷயம். கீரவாணியின் மத்யமத்தை ஸட்ஜமாக வைத்துக் கிரகபேதம் செய்தால் ஹேமவதி வரும். பஞ்சமத்தை வைத்தால் வகுளாபரணம் வரும். மேற்கத்திய இசையில் கீரவாணி என்பது ஹார்மோனிக் மைனர். அதில் பயின்ற ஜாஸ் பியானிஸ்ட்டின் காதில் ஃபிரேகிஷ் மெட்டு 'பஞ்சமத்தில் நிற்கும் மைனர் பாட்டு' என்றுதான் விழும். டி ஆதாரமாக, அதாவது ஸட்ஜமாக, உள்ள ஃபிரேகிஷ் அவருக்கு ஜி மைனரின் டாமினண்ட், அதாவது ஜி-யில் போய் முடியக் கேட்கும் பஞ்சமக் கார்டு. கை தானாக ஜி மைனருக்குப் போகும்.

மெட்டு டி-யில் முடிந்துவிட்டது, வீட்டுக்கு வந்தாயிற்று. பியானோ மட்டும் "இன்னும் வரவில்லை, வா" என்று ஜி-க்கு இழுக்கிறது. உடைவது இந்த இடத்தில்தான்.

---

மெல்லடி எழுதியது:

அப்படியானால் முடிவில் டி-யின் டாமினண்டான ஏ செவன்த் போட்டு டி-க்கு இறங்கினால் டி-தான் வீடு என்று உறுதியாகிவிடாதா? எந்தப் பாட்டுக்கும் அதுதானே வழி?

---

நடைபாஸ் எழுதியது:

இல்லை மெல்லடி, அது அதைவிட மோசம். டி ஃபிரேகிஷின் ஸ்வரங்கள்: டி, ஈ ஃபிளாட், எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி ஃபிளாட், சி. ஏ செவன்த் கார்டில் சி ஷார்ப்பும் சுத்த (ஃபிளாட் இல்லாத) ஈ-யும் வருகின்றன. இரண்டும் மோடில் இல்லை. மோடின் உயிரே ஈ ஃபிளாட் டி-யில் வந்து விழுவதில்தான் இருக்கிறது. அதே நேரத்தில் பியானோ சுத்த ஈ வாசித்தால் என்ன மிஞ்சும்?

வேலை செய்கிற வழிகள்:

முடிவுக்கு சி மைனரிலிருந்து டி மேஜர். இதுதான் மெட்டின் சொந்த வழி. கிரகபேதம் சொன்ன கணக்கோடு பொருந்துவதைக் கவனியுங்கள்: கீரவாணியின் மத்யமத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஏறுகிறோம். ஈ ஃபிளாட் மேஜரிலிருந்து டி-யும் சரிவரும், கொஞ்சம் ஸ்பானிய வாடை அடிக்கும், அதனால் அளவாக.

ஜி மைனர் நடுவில் தாராளமாக வரலாம். கடைசி இரண்டு பாரில் (தாள ஆவர்த்தத்தில்) மட்டும் வரக்கூடாது.

டி கார்டில் சி-யைச் சேர்க்காதீர்கள். சேர்த்த நொடியே அது டி செவன்த் ஆகி ஜி-யைக் கேட்க ஆரம்பிக்கும். சி மெட்டில் இருக்கட்டும், பியானோவின் இடது கையில் வேண்டாம். இடது கையில் டி, ஏ மட்டும். தம்பூரா மாதிரி.

சோலோவுக்கு 16 பார் சுற்று ஒன்று: டி நான்கு பார், சி மைனர் இரண்டு, டி இரண்டு, ஜி மைனர் நான்கு, சி மைனர் இரண்டு, டி இரண்டு. ஜாஸ்காரருக்குத் திரும்பத் திரும்ப வர ஒரு வடிவம் கிடைக்கிறது, வீடும் கைவிட்டுப் போகாது.

பாஸ்காரருக்குத் தனி எச்சரிக்கை. வாக்கிங் (அடிக்கு ஒரு ஸ்வரமாக நடப்பது) போகும்போது ஈ ஃபிளாட்டுக்கும் எஃப் ஷார்ப்புக்கும் நடுவே உள்ள தாண்டல் கைக்குச் சங்கடமாக இருக்கும். பழக்கத்தில் நடுவே ஒரு ஈ அல்லது எஃப் போட்டு நிரப்பிவிடுவார்கள். நிரப்பிய உடனே மோடின் முகம் அழிந்துவிடும். அந்தத் தாண்டலைப் பாஸில் வாசிக்கவே தேவையில்லை: டி, ஏ, சி, ஏ, அடுத்த பார் டி, ஏ, ஜி, ஈ ஃபிளாட். அங்கிருந்து டி-யில் விழலாம்.

---

நாணல்_ஊதி எழுதியது:

வகுளாபரணம் என்று சொன்னதில் ஒரு திருத்தம். மேளத்தின் ஏழு ஸ்வரத்தோடு கணக்கு முடிவதில்லை. ஃபிரேகிஷ் மெட்டு ஸட்ஜத்துக்குக் கீழே இறங்கும்போது தைவதம் பெரும்பாலும் மாறும். மேலே த1, மந்தர ஸ்தாயியில் த2. டி ஆதாரமானால் மேலே பி ஃபிளாட், கீழே சுத்த பி. டி, சி, பி, ஏ என்று இறங்கி மறுபடி ஏறி வரும்.

சோலோவில் மோடை வெறும் ஸ்கேலாக ஏற்றி இறக்குபவர்கள் தவறுவது இதில்தான். கீழேயும் பி ஃபிளாட்டையே அடிப்பார்கள். தவறு என்று பளிச்செனத் தெரியாது, ஆனால் கல்யாண வீட்டுக் காது உள்ளவருக்கு உடனே அந்நியமாகிவிடும். ராகத்தை ஆரோகண அவரோகணத்தால் மட்டும் வாசித்தால் நமக்கு எப்படி இருக்குமோ அப்படி.

---

கிரகபேதம் எழுதியது:

மந்தர தைவதம் மிக முக்கியமான திருத்தம், நன்றி. ஸ்வரக் கூட்டம் வழி காட்டும், பிரயோகம்தான் ராகம் என்பது அங்கும் அப்படியே பொருந்துகிறது. நான் அதை விட்டிருக்கக் கூடாது.

கிளாரினெட் பற்றி நீங்களே எழுதுங்கள். மியூசிகர் வாசிப்பை விளக்க இங்கே வேறு ஆள் இல்லை.

---

நாணல்_ஊதி எழுதியது:

ரே மியூசிகர் எங்கிருந்து வருகிறார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அவருடைய அண்ணன் சாம் மியூசிகர், ஜீன் க்ருபாவின் ஸ்விங் குழுவில் வாசித்தவர். கிளெஸ்மர் கிளாரினெட்டின் பெரிய பெயரான டேவ் தாராஸின் மகளை மணந்தவரும் சாம்தான். 1950களின் நடுவில் தாராஸும் சாமும் சேர்ந்து 'தான்ஸ்!' என்ற ஆல்பத்தைச் செய்தார்கள். கிளெஸ்மரையும் பிக் பேண்ட் எழுத்தையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்த முயற்சி அது. கிப்ஸ் ஆல்பத்துக்கு எட்டு வருஷத்துக்குள் முந்தையது, ஆனால் எதிர்த் திசை. அங்கே கலந்து எழுதினார்கள். இங்கே பிரித்து நிறுத்தினார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால்தான் கிரகபேதத்தின் கட்சி புரியும்.

இப்போது வாசிப்பு. கிளெஸ்மர் கிளாரினெட்டின் அடையாளம் கிரெக்ட்ஸ். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் முனகல் என்று பொருள். விம்மல் என்றால் இன்னும் சரி. செய்முறை: ஸ்வரத்தை நேராக, அதிர்வு இல்லாமல் பிடியுங்கள். அது முடியும் நொடியில் விரலால் மேல் ஸ்வரத்தைத் தொட்டும் தொடாமலும் எடுங்கள், அதே கணத்தில் தொண்டையால் காற்றை நிறுத்துங்கள். மேல் ஸ்வரம் முழுதாகக் கேட்கக் கூடாது. கேட்டால் அது வெறும் அலங்காரம். காற்று அறுபடுவதுதான் விம்மல்.

ஜாஸ் கிளாரினெட்காரர் இதைச் செய்யும்போது நடப்பது இரண்டு. ஒன்று, நாக்கால் நிறுத்துவார். வெட்டினாற்போல் இருக்கும், விம்மல் வராது. இரண்டு, எல்லா இடத்திலும் வழுக்குவார். வழுக்கல் கிளெஸ்மரில் உண்டு, ஆனால் பெரிய சொற்றொடரின் வாசலில் மட்டும். நாலு பாருக்கு ஒன்று என்றாலே அதிகம்.

பி ஃபிளாட் கிளாரினெட்டில் டி ஃபிரேகிஷ் வாசிக்க எழுத்தில் ஈ ஃபிரேகிஷ் வரும்: ஈ, எஃப், ஜி ஷார்ப், ஏ, பி, சி, டி. விரலுக்கு இதமான இடம். இதையே ஈ ஃபிளாட் ஆதாரத்துக்கு மாற்றினால் ஜாஸ் குழுவின் பித்தளை வாத்தியங்களுக்கு வசதி, கிளாரினெட்டின் விம்மலுக்குச் சிரமம். சுருதி தேர்வில் கிளாரினெட் சொல்வதைக் கேளுங்கள்.

---

சுத்தியல்_இரண்டு எழுதியது:

வைப்ரஃபோனில் விம்மல் கிடையாது. கட்டையை அடித்துவிட்டால் சுருதி நின்றது நின்றதுதான். ஆகவே கிப்ஸ் அந்த மெட்டுகளை எப்படிப் பேச வைக்கிறார் என்பதுதான் எனக்கு இந்த ஆல்பத்தின் சுவாரசியம்.

அவர் சைலஃபோனில் தொடங்கி, பிறகும் இரண்டு குச்சியோடேயே இருந்தவர். நாலு குச்சி பிடித்துப் பியானோ மாதிரி கார்டு வாசிக்கும் பாணி அவருடையது அல்ல. அந்த இரண்டு குச்சிக்குக் கிளெஸ்மரில் ஒரு தாத்தா உண்டு: ட்சிம்பல். நம் ஊரில் சந்தூர் பார்த்திருப்பீர்கள், அந்தக் குடும்பம். கம்பிமேல் இரண்டு சிறு சுத்தியல். ஐரோப்பிய யூதக் குழுக்களின் பழைய வாத்தியம். அமெரிக்காவில் அதன் வேலையைச் சைலஃபோனில் செய்தவர்களும் உண்டு. பிலடெல்பியாவில் ஜேக்கப் ஹாஃப்மன் 1920களில் சைலஃபோனில் தோய்னா வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். தோய்னா என்றால் தாளமில்லாமல் வாசிக்கும் ஆலாபனை வகை. ஆக யூத மெட்டு வைப்ஸில் வருவது ஒட்டு வேலை இல்லை.

வாசிக்க நினைப்பவர்களுக்கு:

மோட்டாரை நிறுத்துங்கள். குழாய்களில் விசிறி சுற்றுவதால் வரும் அலை மெதுவான ஜாஸ் பாட்டுக்கு அழகு. வேகமான ஃபிரேலக்ஸ் நடன மெட்டில் ஸ்வரத்தின் முனை மழுங்கிவிடும்.

ஈ ஃபிளாட், டி என்று விழும் இடம்தான் ஆபத்து. பெடல் கீழே இருந்தால் ஈ ஃபிளாட் அடங்காமல் டி-யோடு சேர்ந்து ஒலிக்கும், அரை ஸ்வர உரசல். மெட்டின் மிக முக்கியமான இறக்கம் சேறாகிவிடும். பெடலை முழுக்க எடுத்தால் டி-யும் கட்டையாக நின்றுபோகும். தீர்வு: வலது குச்சி டி-யை அடிக்கும் அதே நேரத்தில் இடது குச்சியின் தலையை ஈ ஃபிளாட் கட்டைமேல் அழுத்தி வையுங்கள். அது அடங்கும், டி மட்டும் மிதக்கும். மெதுவாக ஐம்பது தடவை செய்தால் கை பழகும்.

ஈ ஃபிளாட், எஃப் ஷார்ப் தாண்டல் வைப்ஸில் ஒரு வரம். மேல் வரிசையில் அவை அடுத்தடுத்த கட்டைகள், நடுவே வெறும் இடைவெளி. டி வலது, ஈ ஃபிளாட் இடது, எஃப் ஷார்ப் வலது, ஜி இடது. குச்சி குறுக்கிடாமல் ஓடும். பாஸ்காரருக்குச் சங்கடமான அதே தாண்டல் இங்கே தானாக விழுகிறது.

---

தட்டுக்குச்சி எழுதியது:

தாளத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. இரண்டு டிரம்ஸ் ஏன் என்பதற்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

புல்கர் நடனத்தின் அடி எட்டு எண்ணிக்கை, 3+3+2. சொல்கட்டில்: தகிட தகிட தக. அடியில் பாஸ் டிரம் இரண்டாக நடக்கும், மேலே ஸ்நேரில் (சிறிய டிரம்மில்) இந்தக் கணக்கு ஓடும். எட்டும் சமமான எட்டு. ஸ்விங்கில் எட்டுகள் சமமில்லை. முதலாவது நீளம், இரண்டாவது குட்டை. ஒரே டிரம்மரிடம் இரண்டையும் கேட்டால் தகிட தகிட தக கொஞ்சம் கொஞ்சமாக நொண்ட ஆரம்பிக்கும். அல்லது ஸ்விங் விறைத்துப்போகும்.

மாறும் இடத்தில் கணக்கு இப்படி. கிளெஸ்மர் 2/4இல் நிமிஷத்துக்கு 120 அடி என்று வைத்துக்கொள்வோம். ஜாஸ் 4/4இல் 240. அப்போது ஒரு 2/4 பாரும் ஒரு 4/4 பாரும் சரியாக ஒரு வினாடி. மெட்டின் பார் கணக்கு மாறாது. கிளெஸ்மரின் பதினாறாம் பங்கு ஸ்வரம் ஜாஸின் எட்டாம் பங்கு ஆகிவிடும். புதுக் குழுக்கள் "120தானே" என்று ஜாஸையும் 120இல் எடுப்பார்கள். மெட்டு இரண்டு மடங்கு நீண்டு சவ்வாக இழுக்கும்.

இன்னொன்று: மாறும் பாரில் இரண்டு டிரம்ஸும் ஒரு அடி கூடச் சேர்ந்து ஓடக்கூடாது. 240 வேகத்தில் ஸ்விங் எட்டுகள் கிட்டத்தட்டச் சமமாகிவிடுவதால் மோதல் மறைந்துகொள்ளும். 160இல் அப்பட்டமாகக் கேட்கும். கிளெஸ்மர் டிரம்ஸ் கடைசி 'தக'வில் நிற்க வேண்டும். அடுத்த பாரின் முதல் அடியில் ஜாஸ் டிரம்ஸ் ரைடு சிம்பலை (ஸ்விங் நடை ஓடும் பெரிய தட்டை) எடுக்க வேண்டும். நடுவில் பூசி மெழுக வேண்டாம்.

---

மெல்லடி எழுதியது:

ஏ செவன்த் கேள்வி கேட்டவன் மறுபடி. 'பை மிர் பிஸ்து ஷேன்' இந்த ஆல்பத்தில் இருக்கிறது. அதில் டாமினண்ட் செவன்த் இல்லாமல் பாட்டே இல்லையே. மேலே சொன்ன விதி அங்கே எப்படி?

---

நடைபாஸ் எழுதியது:

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஆல்பத்தில் இரண்டு சாதிப் பாட்டுகள் உண்டு, விதியும் இரண்டு.

'பை மிர் பிஸ்து ஷேன்', 'மை இத்திஷ மாமே' போன்றவை மேடைப் பாட்டுகள். முதலாவதை ஷோலம் செகுண்டா 1932இல் ஒரு இத்திஷ் இசை நாடகத்துக்காக அமைத்தார்; உரிமையை வெறும் 30 டாலருக்கு விற்றுவிட்டார்; 1937இல் ஆண்ட்ரூஸ் சிஸ்டர்ஸ் ஆங்கிலத்தில் பாடி அது பெருவெற்றி ஆனது. இரண்டாவதை ஜாக் யெல்லனும் லூ பொல்லாக்கும் எழுதினார்கள், சோஃபி டக்கர் பாடிப் பிரபலம். இவை மேற்கத்திய மைனரில் கட்டப்பட்டவை. டாமினண்ட் செவன்த் அவற்றின் எலும்பு. சாதாரண ஜாஸ் பாட்டாகவே எடுக்கலாம், ஒன்றும் உடையாது.

'கசாச்சோக்', 'வுலோக்', 'நையா ஷெர்' எல்லாம் நடன மெட்டுகள். வுலோக் என்பது வலாக்கியா, அதாவது ருமேனியப் பக்கத்து நடை. ஷெர் நான்கு ஜோடிகள் சதுரமாக நின்று ஆடுவது. மோடு விதிகள் இந்த வகைக்கு. புதிதாகக் கேட்பவர்கள் 'பை மிர்'இல் தொடங்குவார்கள், அதனால் ஆல்பம் சுலபமாகத் தோன்றும். உழைப்பு நடன மெட்டுகளில்.

---

கிரகபேதம் எழுதியது:

'அண்ட் தி ஏஞ்சல்ஸ் சிங்' இரண்டுக்கும் நடுவே. 1938இல் டிரம்பெட்காரர் ஸிக்கி எல்மன் ஒரு பழைய புல்கர் மெட்டை 'ஃப்ராலிக் இன் ஸ்விங்' என்று பதிவு செய்தார். ஜானி மெர்சர் வரிகள் எழுத, 1939இல் பென்னி குட்மன் குழுவில் மார்த்தா டில்டன் பாடினார். அந்தப் பதிவின் நடுவில் எல்மன் டிரம்பெட்டோடு எழும்போது ஸ்விங் அப்படியே நின்று கல்யாண நடைக்கு மாறும், பிறகு திரும்பும். பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் முறைக்கு முன்மாதிரி அது. கிப்ஸ் அதை ஆல்பம் முழுக்க விரித்தார்.

---

சுத்தியல்_இரண்டு எழுதியது:

டிரம்மர் ஷெல்லி மேனின் 'மை சன் தி ஜாஸ் டிரம்மர்!' ஆல்பம் பற்றி ஒரு வரி. அதுவும் 1962 டிசம்பர் பதிவு, கிப்ஸுக்கு ஒரு மாதம் முன்னால், மேற்குக் கரையில். ஷார்ட்டி ராஜர்ஸ், டெடி எட்வர்ட்ஸ், விக்டர் ஃபெல்ட்மன் இருக்கிறார்கள். அங்கே கிளெஸ்மர் குழு கிடையாது. 'ஹவா நகிலா' உட்பட எல்லாம் ஜாஸ்காரர் கையால் மறு எழுத்து. அழகான ஆல்பம், ஆனால் பாட்டின் பழைய உருவம் கேட்பவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கிப்ஸ் அதைக் கண்முன் வைத்துவிட்டுத் தொடுகிறார்.

ஜான் ஸோர்னின் மசாதா குழுவின் இசையை இந்த இழையில் சேர்க்க வேண்டாம். அது அதே மோடுகளில் புதிதாக இயற்றியது, பழைய பாட்டு அல்ல.

---

நாணல்_ஊதி எழுதியது:

ஆலிஸ் மெக்லியாட் பற்றி யாரும் எழுதவில்லையே. டெட்ராய்ட்டில் பிறந்தவர், பாரிஸில் பீபாப் (1940களின் வேகமான நவீன ஜாஸ்) பியானிஸ்ட் பட் பவலிடம் கற்றவர். அதே 1963இல் கிப்ஸ் குழுவோடு பேர்ட்லாண்ட் கிளப்பில் வாசித்தபோதுதான் சாக்ஸஃபோன்காரர் ஜான் கோல்ட்ரேனைச் சந்தித்தார். பின்னாளில் ஆலிஸ் கோல்ட்ரேன். 1971இல் வந்த அவருடைய 'ஜர்னி இன் சச்சிதானந்தா' யார் பெயரில் என்று இங்கே பலருக்குத் தெரியும்: கோயம்புத்தூர் பக்கத்துச் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா.

இந்த ஆல்பத்தில் அவர் பீபாப் பியானிஸ்ட். ஆனால் நடன மெட்டுகளில் கார்டு அசையாமல் நிற்கும் இடங்களில் அவருடைய வலது கையைத் தனியாகக் கேளுங்கள். ஓடும் கார்டுகளில் தேடுபவர் அல்ல, ஒரே ஆதாரத்தின் மேல் நின்று சுற்றுவதில் சுகம் காண்பவர். இன்னும் ஹார்ப் வரவில்லை, தம்பூரா வரவில்லை. கை தயாராக இருக்கிறது.

---

மெல்லடி எழுதியது:

கேட்கும் வரிசை ஒன்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் நால்வர் குழு உட்காருகிறது. வைப்ஸ் இல்லை, கிளாரினெட், பியானோ, பாஸ், டிரம்ஸ்.

---

தட்டுக்குச்சி எழுதியது:

முதலில் குட்மனின் 'ஏஞ்சல்ஸ்', பிறகு கிப்ஸின் அதே பாட்டு, பிறகு 'நையா ஷெர்'. மாறும் பாரில் மட்டும் நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள்.

ஒரே டிரம்ஸ் என்றால் அவர் இரண்டு பாஷை பேச வேண்டும்: கிளெஸ்மர் பகுதியில் ரைடு சிம்பலைத் தொடவே கூடாது, ஸ்நேரும் பாஸ் டிரம்மும் மட்டும். ஜாஸ் பகுதியில் ஸ்நேர் சத்தத்தைப் பாதியாக்கி ரைடுக்குப் போகட்டும். காதுக்கு இரண்டு ஆள் மாதிரி இருக்கும்.

---

நடைபாஸ் எழுதியது:

பியானோ இடது கை டி, ஏ. கடைசி இரண்டு பார் சி மைனர், டி. அந்த டி-யில் சி வேண்டாம். உங்கள் பியானோகாரரின் தாளில் இதைச் சிவப்பு மையில் எழுதி ஒட்டிவிடுங்கள். நாலாவது சுற்றில் கை மறந்துபோகும்.